அக்காவுக்காக எடுத்த விமானம்

இர்பித்
9 ஏப்ரல் 1993

அன்புள்ள ருலாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ மஸ்கட் போய்ச் சேர்ந்ததை உன்னோடு பாடம் நடத்தும் தோழிதான் போன் செய்து சொன்னாள். உனக்கு வேலை அதிகமாம். இருக்கட்டும். இங்கே எல்லோரும் சுகம். லானாவுக்கு முன்பல் ஆடுகிறது. அகபாவில் பொறுக்கிய சிப்பிகளை இன்னும் குளியலறையில் கழுவிக்கொண்டே இருக்கிறாள்.

உன் சாமான்கள் இரண்டு இங்கேயே தங்கிவிட்டன. ஒன்று பச்சைச் சால்வை. இன்னொன்று வெயில் கண்ணாடி. அது உன் மச்சான் ஹைதமின் கோட்டுப் பையில் இருந்தது. எப்படி அங்கே போனது என்று நான் கேட்கவில்லை.

ருலா, அந்த விமானத்தை அவர் யாருக்காக வாடகைக்கு எடுத்தார்? அகபாவில் இருந்த நாளெல்லாம் கடற்கரையில் உட்கார்ந்து அதையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தவள் யார்? வெள்ளை உடம்பு, நீலக் கோடு, கார் அளவுக்குத்தான் இருக்கும். “ஒரு தடவ, ஒரே ஒரு தடவ ஏத்திக் காட்டுங்களேன்” என்று லானாவைவிட மோசமாக நச்சரித்தவள் நான். கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் நான் எதையும் அப்படிக் கேட்டதில்லை. அவரும் அலைந்து விசாரித்து, வாடி ரம் மலைகளைச் சுற்றிக் காட்டித் திருப்பிக் கொண்டுவந்து விட ஒரு மாலைக்குப் பேசி முடித்தார். அவரும் நானும் போவது, நீ லானாவோடு கீழே இருப்பது. இதுதானே ஏற்பாடு?

விமானப் படியில் நான் கால் வைக்கும்போது லானா என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் உன்னைப் பார்த்து, “சரி, நீ போயிட்டு வா ருலா. ஊருக்குப் போகப் போறவ” என்றேன்.

நீ இந்த ஊரில் பிறந்தவள். கடைக்காரர் “காசு எதுக்கு, சும்மா எடுத்துட்டுப் போங்க” என்றால் பையைத் தூக்கிக்கொண்டா நடந்துவிடுகிறோம்? நான் சொன்னது மரியாதைக்கு. நீ, “வேண்டாங்க்கா, நீ ஏறு, நான் புள்ளைக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தர்றேன்” என்று சொல்லியிருக்க வேண்டும். நீ “நெஜமாவா?” என்றுகூடக் கேட்கவில்லை. ஏறி உட்கார்ந்துவிட்டாய். அவரும் “சமீஹா, நீ வா” என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கதவைச் சாத்தினார்கள்.

அப்புறம் நடந்தது ஊருக்கே தெரியும். எஞ்சின் நின்றது, பாலைவனத்தில் இறங்கினீர்கள், அல்லாஹ் காப்பாற்றினான். நான் ஓடுபாதை ஓரத்துக் கொட்டகையில் லானாவை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பொழுது சாயும்போது ஒரு பிக்கப் வண்டி வந்தது. பின்தட்டில் நீங்கள் இருவரும். உன் தோளில் அவருடைய கோட்டு. அவர் சட்டையெல்லாம் கறை. உன் தலையில் இருந்த மண்ணை அவர் தட்டிவிட்டார். நீங்கள் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். என்னைக் கண்டதும் நிறுத்தினீர்கள்.

மேலே என்ன நடந்தது? நான் எஞ்சினைப் பற்றிக் கேட்கவில்லை.

உன் அக்கா,
சமீஹா

*

மஸ்கட்
24 ஏப்ரல் 1993

அன்புள்ள அக்கா,

வ அலைக்குமுஸ்ஸலாம். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிற மனுஷன் பையில் கண்ணாடி இருந்ததற்கா விசாரணை? காற்று அடித்தது, கழற்றினேன், கையில் வைக்க இடமில்லை, மச்சானிடம் கொடுத்தேன். அவர் பழக்க தோஷத்தில் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டார். தீர்ந்தது.

மேலே என்ன நடந்தது என்று கேட்டாய். சொல்கிறேன். முதலில் கடல் மேல் ஒரு சுற்று. கரையோரம் பச்சை, உள்ளே போகப் போகக் கருநீலம். நாம் தங்கிய விடுதி தீப்பெட்டி மாதிரி. அப்புறம் கிழக்கே திரும்பினோம். ரம் மலைகளைக் கீழிருந்து பார்த்து வாயைப் பிளக்கிறோமே, மேலிருந்து பார்த்தால் அவை மலை மாதிரியே இல்லை. யாரோ பெரிய ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து மணலில் போட்டுவிட்டுப் போனது மாதிரி. இடுக்கில் எல்லாம் சிவப்பு மணல் ஓடுகிறது. ஒட்டகங்கள் தெரியவில்லை, அவற்றின் நிழல்தான் தெரிந்தது. பைலட் அபூ நாயிஃப் ஒவ்வொரு மலைக்கும் பேர் சொன்னார். இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினேன்.

அப்புறம் எஞ்சின் இருமியது, நின்றது. கீழே வெள்ளைக் களிமண் தரை ஒன்று இருந்தது, மழைத் தண்ணீர் தேங்கிக் காய்ந்த இடம். அங்கே இறக்கினார். எங்களைத் தேடி வண்டி வந்தது. அவ்வளவுதான். சிரித்தோம் என்கிறாய். உயிர் பிழைத்தவர்கள் சிரிக்காமல் ஒப்பாரியா வைப்பார்கள்?

நீ “போ” என்றாய், நான் போனேன். மரியாதைக்குச் சொன்ன வார்த்தை எது, மனசிலிருந்து வந்தது எது என்று பிரித்துப் பார்க்க எனக்கு அலுத்துவிட்டது. ஒவ்வொரு விடுமுறைக்கும் உன் வீட்டில் வந்து தங்குகிறேன். கிளம்பும்போது, “இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டுப் போயேன்” என்கிறாய். அதுவும் மரியாதைக்குத்தானா? தெரிந்தால் சொல், அடுத்த முறை விடுதியில் அறை எடுத்துக்கொள்கிறேன்.

லானாவுக்கு முத்தம்.

ருலா

*

இர்பித்
8 மே 1993

ருலா,

கடிதம் வந்தது. கடலும் மலையும் நன்றாக இருந்தன. பூகோளப் பாடம் கேட்டு எழுதியிருந்தால் நூற்றுக்கு நூறு கொடுத்திருப்பேன்.

முந்தாநாள் நடந்ததைச் சொல்கிறேன். காலைச் சாப்பாட்டுக்கு மக்தூஸ் வைத்தேன். போன இலையுதிர்காலத்தில் நான் போட்ட ஜாடியில் கடைசி நாலு கத்திரிக்காய் மிச்சம் இருந்தன. அவர் தட்டைப் பார்த்தார். உதடு துடித்தது. அப்புறம் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். எழுந்து பால்கனிக்குப் போய் அங்கேயும் சிரித்தார்.

“என்னங்க?”

“ஒண்ணுமில்ல, ருலாவுக்குத்தான் தெரியும்.”

ருலாவுக்குத்தான் தெரியும்! என் வீட்டு மேசையில், நான் பொடிக் கத்திரிக்காயாகப் பொறுக்கி வேகவைத்து, வாதுமையும் பூண்டும் திணித்து, எண்ணெயில் ஊறப்போட்ட பண்டத்தைப் பார்த்துச் சிரிக்கிறார். என்ன சிரிப்பு என்பது மஸ்கட்டில் இருக்கிற உனக்குத்தான் தெரியுமாம். நான் தட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். அவர் வெறும் ரொட்டியும் டீயுமாகக் கடைக்குப் போனார்.

அந்தச் சட்டையை நான்தான் துவைத்தேன், தெரியுமா? “என்ன கறை?” என்று கேட்டதற்கு “எண்ணெய்” என்றார். எஞ்சின் எண்ணெய் என்று நினைத்து அடுப்புச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். பூண்டு வாசனை அடித்தது. எஞ்சினுக்குப் பூண்டு போடுகிறார்களா ருலா?

இன்னும் இருக்கிறது. கடையிலிருந்து வந்ததும் எனக்கு முன்னால் தபால் பெட்டியைத் திறந்து பார்க்கிறார். “ருலா எழுதினாளா? என்ன எழுதியிருக்கா?” என்று கேட்கிறார். “உங்களுக்கு எதுக்கு?” என்றால், “சும்மாதான்” என்கிறார். உன் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய் வந்தேன். மடித்த மடிப்பு மாறியிருந்தது.

மொட்டைமாடிக்குப் போகிறார். விமானச் சத்தம் கேட்டால் பேச்சை நிறுத்திவிடுகிறார். அவர் நெஞ்சுக்குள் ஏதோ இருக்கிறது. அதில் பாதி உன்னிடம் இருக்கிறது. என்னிடம் துளிகூட இல்லை. நீங்கள் இருவரும் ஒரு ஊருக்குப் போய் வந்திருக்கிறீர்கள், அந்த ஊருக்கு எனக்கு வழி தெரியவில்லை.

நீ இதைப் படித்துச் சிரிப்பாய். சிரி. ஆனால் பதில் எழுது. மலை வேண்டாம், கடல் வேண்டாம். எஞ்சின் நின்றதிலிருந்து வண்டி வந்த வரைக்கும் எழுது. எழுத முடியாவிட்டால் எழுதவே வேண்டாம்.

சமீஹா

*

மஸ்கட்
20 மே 1993

அக்காவுக்கு,

எழுதவே வேண்டாம் என்றாய். அதைச் சொல்ல மட்டும் எழுதுகிறேன்.

நீ கேட்பது கேள்வி இல்லை. தீர்ப்பை எழுதி வைத்துக்கொண்டு சாட்சியைத் தேடுகிறாய். உன் புருஷன் மேல் உனக்குச் சந்தேகம் இருந்தால் உன் புருஷனிடம் கேள். என் மேல் இருந்தால், நீ வளர்த்த வளர்ப்பை முதலில் கேள்.

கோடை விடுமுறைக்கு வரவில்லை. இங்கே கோடை வகுப்புக்குப் பேர் கொடுத்துவிட்டேன். சால்வையை நீயே வைத்துக்கொள். கண்ணாடி மச்சானிடமே இருக்கட்டும், அவர் தொழில் அது.

ருலா

*

இர்பித்
4 ஜூன் 1993

ருலா,

பெருநாள் அன்று எங்கள் வீட்டுப் போன் அடித்தது. நான் அடுப்படியில் மன்சஃபுக்குத் தயிர் கிளறிக்கொண்டிருந்தேன். கையை எடுத்தால் திரிந்துவிடும் என்று உனக்குத் தெரியும். அவர்தான் எடுத்தார். முதலில் சத்தமாக, “பெருநாள் வாழ்த்து, பெருநாள் வாழ்த்து” என்றார். அப்புறம் குரல் இறங்கியது. நான் கிளறிக்கொண்டே காதைத் தீட்டினேன். ஒன்றும் புரியவில்லை. ரொம்ப நேரம் பேசினார். வைத்துவிட்டு வந்து தண்ணீர் குடித்தார்.

“யாருங்க?”

“ராங் நம்பர்.”

லானா கூடத்தில் புதுச் செருப்பைப் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே, “ராங் நம்பர் இல்லம்மா, சித்தி. அப்பா அழுதாங்க” என்றாள்.

என் புருஷன் ராங் நம்பரிடம் அழுதிருக்கிறார்.

தயிர் திரிந்துவிட்டது. அவருடைய அண்ணன் வீட்டார் வந்து உட்கார்ந்தார்கள். திரிந்த குழம்பைச் சோற்றில் ஊற்றிக் கறியை மேலே அடுக்கி வைத்தேன். எல்லோரும் மரியாதைக்குச் சாப்பிட்டார்கள். அவர்கள் போன பிறகு கேட்டேன்.

“நீங்க அழுதீங்களா?”

“ம்.”

“எதுக்கு?”

“அவகிட்ட கேளு.” உடனே, “வேண்டாம், கேக்காத. சமீஹா, உன் தலையில அடிச்சுச் சத்தியம் பண்றேன், நீ நெனைக்கிற மாதிரி இல்ல” என்றார்.

“நான் என்ன நெனைக்கிறேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

லானாவைத் தூக்கிக்கொண்டு பூங்காவுக்குப் போய்விட்டார்.

நான் அடுக்களைத் தரையில் உட்கார்ந்தேன். எனக்கு முப்பத்தெட்டு வயசு. என் தங்கையைப் பார்த்து வயிறு எரிகிற நிலைமைக்கு வந்துவிட்டேன். உன் மெலிந்த இடுப்பைப் பார்த்து எரிந்ததுண்டு. உன் கைச் சம்பளத்தை, நினைத்தால் பெட்டி தூக்கும் சுதந்திரத்தைப் பார்த்து எரிந்ததுண்டு. அதெல்லாம் சோற்றில் உப்பு மாதிரி, தெரியாமல் கரைந்துவிடும். இது கரையவில்லை.

இனிமேல் சண்டை போட எனக்குத் தெம்பில்லை. எதுவாக இருந்தாலும் எழுது. அவரை நீ எடுத்துக்கொண்டாய் என்றாலும் எழுது. தெரியாமல் இருப்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சமீஹா

*

மஸ்கட்
15 ஜூன் 1993

அக்கா,

அவரை நான் எடுத்துக்கொண்டேனா? எடுத்துக்கொள்ள அங்கே ஏதாவது மிச்சம் இருந்தால்தானே! கேள். மச்சானுக்குக் கொடுத்த வாக்கை மீறித்தான் எழுதுகிறேன்.

எஞ்சின் நின்றதும் முதலில் வந்தது அமைதி. அவ்வளவு இரைச்சலுக்குப் பிறகு வெறும் காற்று மட்டும். பைலட் முன்னால் தனியாக, நாங்கள் இருவரும் பின் இருக்கையில். அபூ நாயிஃப் திரும்பாமலே சொன்னார்: “யாரும் பேசாதீங்க. எனக்கு இப்போ கண்ணு மட்டும்தான் வேணும்.” சாவி மாதிரி எதையோ திருகிப் பார்த்தார். எஞ்சின் முனகிவிட்டு மறுபடி செத்தது. மலைகள் எங்கள் உயரத்துக்கு வந்தன, அப்புறம் எங்களைவிட உயரமாகிவிட்டன.

நான் மச்சானின் கையைப் பிடித்தேன். ஆமாம், பிடித்தேன். பக்கத்தில் கரடி உட்கார்ந்திருந்தாலும் அதன் கையைப் பிடித்திருப்பேன். அவருக்கு அது தெரியவே இல்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தார். கலிமா சொல்கிறார் என்று நினைத்து நானும் சேர்ந்து சொல்லக் காதைக் கொடுத்தேன்.

“அல்ஹம்துலில்லாஹ், சமீஹா இல்ல. நல்லவேளை சமீஹா ஏறல. நல்லவேளை இவ ஏறினா. அல்ஹம்துலில்லாஹ்.”

திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னார். அந்த “இவ” நான்தான் அக்கா. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன், நான் அங்கே இருப்பதற்காக அவர் அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறார். எனக்கு ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கையில் இல்லை. ஆகட்டும் என்று.

தரை வந்தது. முட்டி எழும்பி மறுபடி முட்டி ஓடினோம். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கி விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. எங்கள் தலைக்குப் பின்னால் தட்டில் இருந்த ஏதோ பறந்து வந்து மச்சான் தோளில் உடைந்தது. திரும்பிப் பார்க்கிறேன், கழுத்திலிருந்து இடுப்பு வரை சிவப்பாக வழிகிறது. நான் கத்திய கத்தலில் அபூ நாயிஃப் சக்கரத்தை மறந்து எங்களைப் பார்த்தார். மச்சான் கண்ணைத் திறந்தார். விரலால் தொட்டார். முகர்ந்தார். அப்புறம் நக்கினார்.

“வாதுமை” என்றார்.

பைலட்டின் மதியச் சாப்பாட்டு ஜாடி. அவர் மனைவி மிளகாயை அள்ளிப் போட்டிருந்தாள், எண்ணெய் ரத்த நிறத்தில் இருந்தது. அபூ நாயிஃப் எங்கள் இருவருக்கும் உயிர் இருப்பதைப் பார்த்துவிட்டு, “ஒரு கத்திரிக்காயாவது மிச்சம் இருக்கா?” என்று கேட்டார். அப்போது பிடித்த சிரிப்பு. வண்டியில் வரும்போதும் அதுதான். பூண்டுக்குக் கணக்குச் சரியாகிவிட்டதா?

சிரித்து முடிந்ததும் இறக்கை நிழலில் உட்கார்ந்தோம். அப்போதுதான் அவருக்குத் தான் சொன்னது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். முகம் வெளுத்துவிட்டது.

“நான் சொன்னது உனக்குக் கேட்டுச்சா?”

“என்ன சொன்னீங்க? கேக்கல மச்சான்.”

எனக்குப் பொய் சொல்ல வராது என்று உனக்குத் தெரியும். அவர் அழுதார். “சமீஹாகிட்ட சொல்லிடாத. உன்ன வளத்தவ அவ. உன்னக் குடுத்து அவளக் காப்பாத்திக்கிட்டேன்னு நெனச்சு நான் சந்தோஷப்பட்டேன்னு தெரிஞ்சா என்ன வீட்டுக்குள்ள விடமாட்டா” என்றார். இருக்கையில் கிடந்த கோட்டை எடுத்து என் மேல் போட்டார். வண்டி வரும்வரை அதன் காலரைச் சரிசெய்துகொண்டே இருந்தார். குற்றம் செய்தவன் கை அது. மண் தட்டிவிட்டதும் அந்தக் கைதான்.

பெருநாளுக்கு உன்னோடு சமாதானமாகப் பேசத்தான் போன் செய்தேன். அவர் எடுத்தார். பெருநாளாச்சே, மன்னிச்சுடு என்று மறுபடி அழுதார். மன்னித்துவிட்டேன் என்றேன். பாதி மன்னித்திருக்கிறேன்.

நீ என் மேல் பொறாமைப்படுகிறாய். எனக்கு அதைப் படித்தபோது எவ்வளவு கோபம் வந்தது தெரியுமா? சாகப்போகிற நேரத்தில் ஒரு மனுஷன் தன் உயிரைக்கூட மறந்து உன் பேரைச் சொல்கிறான். அதே நேரம் என் பேரைச் சொல்ல உலகத்தில் யார் இருந்தார்கள்? என் வகுப்புப் பிள்ளைகள் கொஞ்ச நாள் அழுதிருப்பார்கள், அப்புறம் புது டீச்சர் வந்திருப்பாள்.

நீ மரியாதைக்குத்தான் சொன்னாய் என்று தெரிந்தேதான் ஏறினேன். ஒரு தடவையாவது உன் இடத்தில் உட்கார்ந்து பார்க்கலாமே என்றுதான். உட்கார்ந்தேன். அப்போதும் அது உன் இடமாகவே இருந்தது.

ருலா

*

இர்பித்
28 ஜூன் 1993

என் ருலா,

முதலில் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் கடிதத்தைப் படித்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உனக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று நினைப்பதற்கு முன்னால், “என் பேரைச் சொல்லியிருக்கார்” என்றுதான் நினைத்தேன். அன்று சாயங்காலம் அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே பாடினேன். லானா என்னை விநோதமாகப் பார்த்தாள்.

அப்புறம் இஸ்திரிப் பெட்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டேன். ஏனென்றால் நீ கேட்டிருக்கிறாய், உன் பேரைச் சொல்ல யார் இருந்தார்கள் என்று.

கொட்டகையில் ரேடியோ வைத்திருந்த வழுக்கைத் தலையர் எனக்கு டீ மேல் டீயாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் ஒன்றையும் தொடவில்லை. பிறகு ரேடியோ கரகரத்தது. அவர் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பவே தயங்கினார்.

“சொல்லுங்க அண்ணே.”

“விமானத்தப் பாத்துட்டாங்களாம் தங்கச்சி. ஒட்டகம் மேய்க்கிற ஒரு பதூ ஆள் தூரத்துலேர்ந்து பாத்திருக்கான். பயணிங்க ரெண்டு பேருல ஒருத்தர் மேலெல்லாம் ரத்தமாம்.”

“யாரு? ஆம்பளையா, பொம்பளையா?”

“அத சொல்லல. திரும்பக் கூப்பிடுறேன், எடுக்க மாட்டேங்கிறான்.”

அவன் பார்த்த ரத்தம் என்னவென்று இப்போது எனக்குத் தெரியும். அப்போது தெரியாது. லானா என் மடியில் தூங்கிவிட்டிருந்தாள். அவளுடைய வேர்த்த தலை என் கையில். நான் முதலில் இருவரையும் கேட்டேன். யா ரப், இரண்டு பேரையும் கொடு என்றேன். ஆனால் ஒருவருக்கு ரத்தம் என்று சொல்லிவிட்டார்களே. ஒன்று என்றால் எது? அப்போது என் வாய் சத்தமாகவே சொல்லிவிட்டது: “அது ஹைதமா இருக்கட்டும். ருலாவா இருக்க வேண்டாம்.”

வழுக்கைத் தலையர் என்னைப் பார்த்தார். பிறகு டீ டம்ளரைக் கழுவப் போய்விட்டார்.

நான் யோசித்துச் சொல்லவில்லை. அவரோடு எனக்கு ஒரு குறையும் இல்லை. நல்ல மனுஷன், நான் ஆசைப்பட்டதற்காக விமானம் தேடி அலைந்தவர். மடியில் இருந்தது அவர் குழந்தை. இருந்தும் வாய் அதைத்தான் சொன்னது. அம்மா இறந்த பிறகு நீ என் முதுகில் ஒட்டிக்கொண்டு தூங்கிய நாளிலிருந்து அந்த வாய்க்கு வேறு பழக்கமில்லை போலிருக்கிறது.

வண்டி வந்தது. நான் கொடுத்துவிட்ட மனுஷன் முழுசாகத் திரும்பி வந்து நிற்கிறார். யாருக்காகக் கொடுத்தேனோ அவள் அவர் கோட்டைப் போட்டுக்கொண்டு சிரிக்கிறாள். எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல். உங்களை எதற்குக் கோபிக்கிறேன் என்று தெரியாமல்தான் இவ்வளவு நாளும் விமான இருக்கையையும் கத்திரிக்காயையும் பிடித்துக்கொண்டு தொங்கினேன். இருக்கை பறிபோனதும் பொய்யில்லை, அதற்கும் கோபம் இருந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது.

அவர் மேலே எனக்காக நன்றி சொல்லியிருக்கிறார், நான் கீழே அவரை விட்டுக்கொடுத்திருக்கிறேன். இனி அவர் முகத்தை எப்படிப் பார்ப்பேன்? இன்று காலை அவருக்கு முட்டை பொரித்து வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் கெண்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

சமீஹா

*

மஸ்கட்
8 ஜூலை 1993

அக்கா,

உன் கடிதத்தைப் பேருந்தில் படித்தேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டது. கடற்கரை ஓரம் இறங்கி இந்த வெயிலில் நடந்தே வந்தேன். வழியில் ஒரு பெண், “டீச்சர், உடம்புக்கு என்ன?” என்று கேட்டாள். நல்லாத்தான் இருக்கேன் என்றேன். அழுதுகொண்டே சொன்னதால் நம்பவில்லை.

எனக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. உன்னிடம் நன்றி சொன்னால் மச்சானுக்குத் துரோகம். சொல்லாமலும் இருக்க முடியவில்லை. என் பேரைச் சொல்லவும் ஒருத்தி இருந்தாளே, எனக்கு அது போதும்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அவரிடம் சொல்லாதே. அவர் ஏற்கெனவே ஒடிந்திருக்கிறார். தெரிந்தால் தாங்கமாட்டார்.

ருலா

*

இர்பித்
19 ஜூலை 1993

ருலா,

சொல்லிவிட்டேன். உன் கடிதம் வருவதற்கு முன்னாலேயே. முகத்தைப் பார்க்காமல் இந்தச் சின்ன வீட்டில் எத்தனை நாள் நடமாடுவது?

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்து பால்கனியில் உட்கார்ந்திருந்தார். லானா பக்கத்து வீட்டில். நான் டீயை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். “ருலா எல்லாத்தையும் எழுதிட்டா” என்றேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார். திட்டுக்குத் தயாராகிறவர் மாதிரி கையைக் கட்டிக்கொண்டார். நான் திட்டவில்லை. கொட்டகை, ரேடியோ, ரத்தம், என் வாய் சொன்னது, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திராட்சைக் கொடியையே பார்த்துக்கொண்டிருந்தார். டீ ஆறி மேலே ஆடை மாதிரி படிந்தது.

“மறுபடி சொல்லு” என்றார். “என்ன சொன்ன? அப்படியே சொல்லு.”

அப்படியே சொன்னேன்.

ஆறின டீயை ஓரமாக நகர்த்தினார். அப்புறம், “நான் ருலாவக் குடுத்தேன், நீ என்னக் குடுத்த. உன்ன மட்டும் யாரும் குடுக்கல சமீஹா. இந்த வீட்டுல பொறாமப்பட வேண்டியவங்க நானும் அவளும்தான்” என்றார்.

சிரிப்பதற்காகச் சொன்னாரா என்று பார்த்தேன். இல்லை. எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். வெள்ளிக்கிழமை கடை கிடையாது. எங்கே போனார் என்று நான் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை.

அதற்குப் பிறகு என்னோடு விருந்தாளி மாதிரி பேசுகிறார். “உப்பு கொஞ்சம் தர்றீங்களா” என்று கேட்கிறார் ருலா! என்னை! நான் உப்பை நகர்த்திவிட்டு உள்ளே போய் அழுதேன். ஒருநாள் அவருக்குப் பிடிக்கும் என்று தக்காளியும் கறியும் போட்டு வதக்கி வைத்தேன். நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுத் தன் தட்டைத் தானே கழுவினார். அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

நேற்று, லானாவுக்கு முன்பல் விழுந்த கலாட்டாவில், அவர் தன்னை மறந்து என்னை “அடியே சமீஹா, தண்ணி கொண்டா” என்று கூப்பிட்டுவிட்டார். கூப்பிட்ட பிறகு நினைவு வந்து நிறுத்தினார். நான் தண்ணீரோடு நின்றேன்.

“என்ன மன்னிக்கவே மாட்டீங்களா?”

“மன்னிக்கிறதுக்கு என்ன இருக்கு? நீயும் நானும் செஞ்சது ஒண்ணுதான். அது எனக்குத் தெரியுது. மனசுக்குத் தெரிய மாட்டேங்குது, அவ்வளவுதான்.” லானாவின் வாயைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “ருலாவ வரச் சொல்லு. அவகிட்ட நேர்ல உக்காந்து பேசணும். நாங்க ரெண்டு பேரும் உன்னப் பத்திப் புலம்புறதுக்கு வேற ஆள் கெடையாது.”

இது அவர் சொன்னபடியே எழுதுகிறேன். ஒரு எழுத்தும் கூட்டவில்லை.

ஆகவே கோடை வகுப்பை யாரிடமாவது தள்ளிவிட்டுக் கிளம்பு. உன் அறைக்குப் புதுத் திரை தைத்துவிட்டேன். இது மரியாதைக்கு எழுதுவது இல்லை. அவர் இப்போதே உன்னை அழைத்துவர அம்மானுக்கு யார் காரை இரவல் வாங்கலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறார். முகத்தில் எத்தனையோ நாளைக்குப் பிறகு கொஞ்சம் வெளிச்சம். நீங்கள் இருவரும் பால்கனியில் உட்கார்ந்து என் தலையை உருட்டுவீர்கள், நான் உள்ளே டீ போட்டுக்கொண்டிருப்பேன். அதை நினைத்து எனக்குப் பொறாமையே இல்லை என்று எழுதினேன். எழுதி அடித்துவிட்டேன், நீயே பார்த்திருப்பாய்.

இருக்கிறது. வா.

சமீஹா